சாக்கெட்டுக்குள் ஒடிந்து நிற்கும் கம்பியை எடுப்பது எப்படி?

ஆர்டுயினோ மாதிரி ஒரு போர்டை வைத்துக்கொண்டு ரெண்டு மூணு புராஜெக்ட் செய்தவர்கள் எல்லாருக்கும் இது ஒருநாள் நடந்திருக்கும். சாக்கெட்டில் செருகிய வயரை இழுக்கிறோம். வயர் கையோடு வந்துவிடுகிறது, முனை மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது. குனிந்து பார்த்தால் துளைக்குள் ஒரு சின்ன மினுமினுப்பு தெரியும். பிளையரின் வாய் உள்ளே போகாது. ஊக்கை விட்டு நோண்டினால் கம்பி இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போர்டு சில நூறு ரூபாய்தானே, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம் என்று தோன்றும். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால் அது நியாயமான யோசனைதான். ஆனால் போடு இருக்கிற இடம் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோர், நேரம் ராத்திரி ஒன்பதரை, வெளியே பத்தடி தூரம் தெரியாத பனி என்றால், அந்த அரை மில்லிமீட்டர் கம்பியை எடுத்தே ஆகவேண்டும். இந்தக் குறிப்பு அப்படிப்பட்ட ஒரு ராத்திரிக்குப் பிறகு எழுதத் தொடங்கியது. அதன்பின் வீட்டில் பழைய போர்டுகளில் வேண்டுமென்றே கம்பியை ஒடித்து ஒவ்வொரு வழியையும் செய்து பார்த்தேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "ஒரு வயருக்கா இவ்வளவு பாடு" என்று கேட்பீர்கள்.

ஏலக்காயைப் பறித்ததும் அப்படியே விற்க முடியாது. பச்சைக்காயில் எடைக்கு எடை சுமார் 80 சதவீதம் ஈரம்தான். அதை 10 சதவீதம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் காய்ந்தது ஒரு கிலோ வரும், கொஞ்சம் முன்னே பின்னே. இந்தக் காய்ச்சல் வெயிலில் நடப்பதில்லை. வெயில் பட்டால் பச்சை நிறம் போய்விடும். அதனால்தான் எஸ்டேட்டுகளில் ஸ்டோர் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வெளியே அடுப்பு எரியும், சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும், தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். புகை காயில் படக்கூடாது, சூடு மட்டும் படவேண்டும். பெரும்பாலான நேரம் 45 முதல் 50 டிகிரிக்குள் வைத்து, கிட்டத்தட்ட ஒரு முழு நாள் விடுவார்கள். சூடு குறைந்தால் காய் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அதிகமானால் பச்சை மங்கி, தோல் வெடிக்கும். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்குச் சரக்கு போகும்போது முதலில் பார்ப்பது நிறமும் பருமனும்தான். 8 மில்லி பச்சைக் காய்க்கும் மங்கிப்போன காய்க்கும் விலையில் இருக்கும் தூரத்தை மலைக்காரர்களிடம் கேட்டால் பெருமூச்சு விட்டுச் சொல்வார்கள்.

என் சித்தப்பாவின் ஸ்டோரில் நான் வைத்திருப்பது ரொம்ப எளிய பெட்டி. ஒரு ஆர்டுயினோ யூனோ, அறைக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்ப உணரி, ஒரு சின்னத் திரை, ஒரு பஸ்ஸர். அது அடுப்பையும் கட்டுப்படுத்தாது, ஃபேனையும் கட்டுப்படுத்தாது. 50 டிகிரியைத் தாண்டினால் கத்தும், அவ்வளவுதான். அடுப்பு பார்க்கிற அண்ணன் ஒரு மணிக்கொரு தரம் எழுந்து போய் டார்ச் அடித்துத் தெர்மாமீட்டர் பார்ப்பது இதனால் குறைந்தது.

அன்றைக்கு ராத்திரி பெட்டி கத்தியது. "தம்பி, பெட்டி கத்துது, ஆனா ரூம்ல சூடு ஒண்ணும் ஏறலையே" என்று வந்து நின்றார் அவர். திரையில் மைனஸ் 127 என்று இருந்தது. போடிமெட்டு குளிர்தான், ஆனா அவ்வளவு குளிர் இல்லை. அந்த உணரிக்கான லைப்ரரி, உணரியிடமிருந்து பதிலே வராவிட்டால் மைனஸ் 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். இதைச் செய்துபார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. "50-ஐ விட அதிகமானால் கத்து" என்று மட்டும் எழுதினால், வயர் ஒடிந்த நேரத்தில் பெட்டி நிம்மதியாகத் தூங்கும். மைனஸ் 127 என்பது 50-ஐ விடக் குறைவுதானே! அதனால் மைனஸ் 127 வந்தாலும் கத்தவேண்டும் என்று தனியாக ஒரு வரி வைத்திருந்தேன். இதே உணரி மின்சாரம் வந்தவுடன் முதல் அளவீடு முடியும்வரை 85 என்று காட்டும், அதையும் தனியாகப் பார்த்துத் தள்ளவேண்டும்.

பெட்டியைத் திறந்தால் யூனோவின் 2-ஆம் எண் துளைக்குப் போகும் வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உணரியை மேல்தட்டுக்கு மாற்றுவதற்காக அங்கே வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் லேன் கேபிளைப் பிரித்து அதன் ஒற்றைக்கம்பியால் வயரை நீட்டியிருந்தார். அந்தக் கம்பியின் முனை துளைக்குள். நான் வருவதற்குள் அண்ணன் ஊக்கால் ஒருமுறை குத்திப் பார்த்திருக்கிறார், அது வாயிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது.

துளை எண்ணை மாற்றிக்கொள்ளலாமே என்று மென்பொருள் ஆட்கள் சொல்வீர்கள். சரிதான், ஒரே ஒரு வரி. ஆனால் லேப்டாப் கீழே போடியில் இருந்தது. சால்டரிங் அயர்னும் அங்கேதான். தட்டுகள் முழுக்கக் காய். சித்தப்பா பழைய தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீ பொறுமையா பாருடா, நாங்க இதை வச்சுப் பார்த்துக்கிறோம்" என்றார். விறகைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

இப்போது சாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் மற்றது எல்லாம் தானாக வரும்.

யூனோவின் ஓரத்தில் இருக்கும் கறுப்புச் சாக்கெட்டை ஃபீமேல் ஹெடர் என்பார்கள். துளைக்குத் துளை 2.54 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் பத்தில் ஒன்று. உயரம் எட்டரை மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் பிளாஸ்டிக்கில் வரிசையாகச் சதுரத் துளைகள். ஆனால் கம்பியைப் பிடித்துவைப்பது அந்தத் துளை இல்லை. ஒவ்வொரு துளைக்குள்ளும் மெல்லிய செம்புக் கலவைத் தகட்டில் செய்த ஒரு சின்னக் கவட்டை இருக்கிறது. நல்ல ஹெடரில் அது பாஸ்பர் பிரான்ஸ், மலிவானதில் பித்தளை. கவட்டையின் இரண்டு இலைகளும் மேலே கொஞ்சம் விரிந்து, நடுவில் நெருங்கி, கீழே ஒன்றாகச் சேர்ந்து, பின்னாக மாறி போர்டுக்குள் இறங்கி, அடியில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். நாம் செருகும் பின் அந்த நெருங்கிய இடத்தைத் தள்ளி விரித்துக்கொண்டு உள்ளே போகிறது. இலைகள் மறுபடி மூடப் பார்க்கின்றன, அந்த அழுத்தம்தான் பிடிப்பு, அதுதான் மின்தொடர்பும்.

ஆக ஒடிந்த கம்பி ஒரு குழிக்குள் மாட்டிக்கொண்டது போல இல்லை, ஒரு இடுக்கியின் வாயில் இருக்கிறது. இடுக்கி கடித்துக்கொண்டிருக்கும் பொருளை இன்னொரு இடுக்கியால் இழுப்பதைவிட, முதல் இடுக்கியின் வாயைத் திறப்பது சுலபம். இணையத்தில் இதற்குச் சொல்லப்படும் வழிகளில் பாதி கம்பியை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றியே இருக்கும். நான் பார்த்தவரை, இலையை விலக்கினால் பிடிக்கவே வேண்டியதில்லை, கம்பி தானாக விழும்.

இந்தக் கவட்டை எந்தப் பின்னுக்காகச் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். அது 0.64 மில்லிமீட்டர் சதுரப் பின், அங்குலக் கணக்கில் 0.025. இந்த அளவு பழசு. ஈயம் வைக்காமல் சதுரக் கம்பத்தில் வயரை இறுக்கிச் சுற்றியே இணைப்புக் கொடுக்கும் வயர்-ராப் முறையில் இதே கனத்தில் கம்பங்கள் வைத்தார்கள். சதுரத்தின் கூர்மையான விளிம்புகள் வயரைக் கடித்துப் பிடிக்கும். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்தின் கணினியிலும் அந்தச் சுற்று முறை இருந்தது. நாம் கடையில் "டுபாண்ட் வயர்" என்று கேட்டு வாங்கும் ஜம்பரின் பெயரும் அந்தக் காலத்து மிச்சம்தான். அந்த வகைக் கனெக்டரைச் செய்த பெர்க் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தை 1970-களில் டுபாண்ட் வாங்கியது. நிறுவனம் கைமாறிப் போனபிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

லேன் கேபிளின் கம்பி சுமார் 0.5 மில்லிமீட்டர் உருண்டை. 0.64 சதுரத்துக்குச் செய்த கவட்டையில் அது கொஞ்சம் தளர்வாகவே நிற்கும். உருண்டைக் கம்பி இரண்டு தட்டையான இலைகளுக்கு நடுவே நிற்கும்போது, இலை இல்லாத மற்ற இரண்டு பக்கமும் வெறும் இடம். ஊசி போவதற்கான வழி அதுதான். அன்றைக்கு இது சாதகமாக இருந்தது. சதுர ஜம்பர் பின் ஒடிந்திருந்தால் இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

கம்பி ஏன் ஒடிகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செம்பு நன்றாக வளையும், ஆனால் ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் மட்டும் இறுகி முறுகிப்போகும், பிறகு ஒடியும். எந்த இடம் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் உறையைச் சீவிய பிளேடு. பிளேடு கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதன்பிறகு ஒவ்வொரு ஆட்டத்தின் வலுவும் அந்தக் கோட்டிலேயே போய் விழும். பல்லால் கடித்து உரித்தாலும் கதை அதேதான். பல புரி வயரை ஈயம் தடவிச் செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதில் ஈயம் எங்கே முடிகிறதோ அங்கே ஒடியும். ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் இளக்கம், நடுவில் எல்லை.

சரி, எடுக்கும் வேலைக்கு வருவோம்.

மின்சாரத்தைத் துண்டிப்பது முதல் வேலை. யுஎஸ்பி, அடாப்டர், பேட்டரி எல்லாம். "5 வோல்ட்டுதானே" என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் யூனோவில் 5 வோல்ட் துளைக்கு ஒரு பக்கம் 3.3 வோல்ட், மறுபக்கம் கிரவுண்ட். ஊசி நழுவி ரெண்டையும் சேர்த்தால் போர்டு போய்விடும். பெட்டிக்குள் ரிலே வழியாக 230 வோல்ட் எதுவும் வருகிறது என்றால், பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுத்தான் கையை உள்ளே விடவேண்டும். போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். மற்ற வயர்களைக் கழற்றுமுன் போனில் ஒரு படம்.

அடுத்தது பார்ப்பது. போனின் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைச் சாய்வாக அடித்தால் துளைக்குள் நன்றாகத் தெரியும். ரெண்டு விஷயம் தெரியவேண்டும். கம்பி வாய்க்கு மேலே நிற்கிறதா, கீழேயா? இலைகள் எந்தப் பக்கம்? ஒடிந்த துளையில் இலை தெரியாவிட்டால் பக்கத்துக் காலித் துளையைப் பாருங்கள், ஒரே ஹெடரில் எல்லாம் ஒரே திசையில்தான் இருக்கும்.

கம்பி அரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்கூட உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். கூர்முனை ட்வீசரால் பிடித்து நேர்மேலே இழுங்கள். ட்வீசர் இல்லையென்றால் நகவெட்டி. வெட்டிவிடாமல், மெதுவாகக் கடித்தபடி தூக்கவேண்டும். இங்கே அசைத்து அசைத்து இழுக்கத் தோன்றும். வேண்டாம். ஏற்கனவே முறுகிப்போன கம்பி மறுபடி ஒடியும், அப்புறம் பிடிக்க எதுவும் இருக்காது.

வாய்க்குக் கீழே போய்விட்டால் ஊசி வைத்தியம். சித்தியின் தையல் டப்பாவிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய ஊசிகள் ரெண்டு வாங்கிக்கொண்டேன். (மலைக்கு ஏறும்போது அத்தனை கொண்டை ஊசி வளைவு, வேண்டிய நேரத்தில் ஒரு கொண்டை ஊசிகூட வீட்டில் இல்லை. இருந்தாலும் உதவாது, அது தடிமன்.) சித்தப்பாவின் இன்சுலின் ஊசியையும் பார்த்தேன். அது கால் மில்லிமீட்டர்தான், உள்ளே சுலபமாகப் போகும், ஆனால் இலையைத் தள்ளச் சொன்னால் தானே வளைந்துவிடும். தையல் ஊசியின் எஃகு விறைப்பானது, முனையிலிருந்து படிப்படியாகத் தடிக்கும். ஆப்பு மாதிரி வேலை செய்ய அந்தச் சரிவுதான் தேவை.

போர்டைத் தலைகீழாகப் பிடியுங்கள், துளையின் வாய் தரையைப் பார்க்கவேண்டும். நிமிர்த்தி வைத்துக்கொண்டு செய்தால் கம்பி தளர்ந்தாலும் ஆழத்துக்குத்தான் போகும். ஒருவர் போர்டைப் பிடிக்க, இன்னொருவர் கீழிருந்து டார்ச் அடித்தபடி வேலை செய்தால் வசதி. முதல் ஊசியை இலை இருக்கும் பக்கத்தில், இலைக்கும் கம்பிக்கும் நடுவே நுழைக்கவேண்டும். இலைகள் வாயருகே விரிந்திருப்பதால் முனை வழுக்கிக்கொண்டு சரியான இடத்துக்குத் தானே போகும். நேர்கோட்டில் மெதுவாக ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். எங்கேயாவது கெட்டியாக முட்டினால் கம்பியின் தலையைக் குத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளியே எடுத்து இடத்தை மாற்றுங்கள், அழுத்தாதீர்கள். சரியாக நுழைந்தால் ஒரு மெல்லிய ஸ்பிரிங் எதிர்ப்பு கையில் தெரியும்.

இப்போது அந்த இலை விலகியிருக்கிறது, ஆனால் கம்பியை இப்போது ஊசியே எதிர் இலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஊசியின் பின்பக்கத்தை மெல்லச் சாய்த்து, முனை இலையை மட்டும் தள்ளும்படி, கம்பிக்கு இடம் விடும்படி செய்யவேண்டும். இரண்டாவது ஊசியை இலை இல்லாத காலிப் பக்கத்தில் விட்டுக் கம்பியைப் பக்கவாட்டில் லேசாக நகர்த்துங்கள். அது நகர்ந்தால் பிடி விட்டுவிட்டது. அந்த நிலையிலேயே போர்டின் விளிம்பை விரலால் தட்டினால் கம்பி விழும். விழாவிட்டால் ரெண்டு ஊசிக்கும் நடுவே கம்பியை இறுக்கி வெளியே இழுக்கலாம், பிடி தளர்ந்தபிறகு அதற்குப் பெரிய பலம் தேவையில்லை.

எனக்கு மூணாவது முயற்சியில் விழுந்தது. சித்தி விரித்த வெள்ளைத் துணியில் ஆறு மில்லிமீட்டர் செம்பு. வெள்ளைத் துணி விரிப்பது முக்கியம், கம்பி விழுந்ததா இல்லை போர்டிலேயே எங்கேயாவது போய் ஒளிந்துகொண்டதா என்று தெரியவேண்டும். ஏடிமெகா328பி சிப்பின் கால்களுக்கு நடுவே அது போய்ப் படுத்தால், மின்சாரம் கொடுத்ததும் வேறு கதை ஆரம்பிக்கும். லேன் கேபிளிலேயே புதிதாக முனை சீவி, இந்த முறை கம்பியைச் சுரண்டாமல் உறையை மட்டும் சுற்றிவர அறுத்து உருவி, செருகி, அடாப்டரைப் போட்டோம். 44 என்று காட்டியது. சித்தப்பாவின் தெர்மாமீட்டரிலும் அதையொட்டித்தான் இருந்தது. "இனிமே விறகு போடலாம்" என்றார்.

மற்ற வழிகளைப் பற்றி, வீட்டில் செய்துபார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

காந்தம். லேன் கேபிளின் செம்பை அது இழுக்காது. ஆனால் மலிவான ஜம்பர் வயர்களின் பின்கள் பல நேரம் இரும்பு, மேலே பூச்சு மட்டும். அதே கட்டில் இருக்கும் இன்னொரு பின்னைக் காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால், காந்தத்தில் வைத்த ஊசியால் தளர்ந்த பின்னை வெளியே எடுக்கலாம். தளர்ந்த பின்னை மட்டும்தான். இலையின் பிடியை வெல்ல அந்தக் காந்தத்துக்கு வலு போதாது.

மருத்துவ ஊசி. கடையில் கிடைக்கும் 20 கேஜ் ஊசியின் உள்விட்டம் 0.6 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 0.9. முனையைத் தேய்த்து மொட்டையாக்கி இறக்கினால், 0.5 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியை உள்ளே வாங்கிக்கொண்டு, இலைகளை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். அழகான வழி, வேகமாகவும் வேலை செய்கிறது. ஆனால் 0.64-க்குச் செய்த கவட்டையை 0.9 வரை விரிக்கிறோம். மலிவான பித்தளைக் கவட்டை அதன்பிறகு பழைய இறுக்கத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கடைசிக்கு முந்தைய வழியாக வைத்துக்கொள்கிறேன். சதுரப் பின்னுக்கு இது பொருந்தவே பொருந்தாது, அதன் மூலைக்கு மூலை அளவு 0.9.

உடனடிப் பசை. ஒரு கம்பியின் நுனியில் ஒரு சொட்டு வைத்து, ஒடிந்த கம்பியில் ஒட்டி இழுக்கலாம் என்பது பிரபலமான யோசனை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அந்தப் பசை தண்ணீர் மாதிரி, சின்ன இடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தானாக ஏறும். இலைக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது அப்படிப்பட்ட இடுக்குத்தான். அங்கே போனால் கம்பியையும் இலையையும் சேர்த்து ஒட்டிவிடும், மின்சாரமும் போகாது. ஈயத்தால் ஒட்டி இழுப்பதும் அதே ஆபத்து. சாதாரண ஈயம் 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும், ஈயம் கலக்காத வகை 217-க்கு மேல். அந்தச் சூட்டில் உருகியது இலையில் வழிந்தால் சாக்கெட் நிரந்தரமாக மூடிவிடும். கம்பி வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும், ஒரே தொடுதலில் முடிப்பதாக இருந்தால் செய்யலாம். அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் நகவெட்டியே போதுமே?

எடுக்கவே முடியாவிட்டால், எடுக்காமலே விட்டுவிடலாம். இதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். உள்ளே நிற்கும் கம்பி பக்கத்துத் துளையைத் தொடாதவரை அதனால் கெடுதல் இல்லை. டிஜிட்டல் துளை என்றால் வேறு எண்ணுக்கு மாற்றி, நிரலில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. கிரவுண்ட் யூனோவில் மூன்று இடத்தில் இருக்கிறது. 5 வோல்ட் துளை போய்விட்டால் கொஞ்சம் யோசிக்கவேண்டும், அது ஒன்றுதான். ஆனால் ஐஓரெஃப் என்று எழுதிய துளையும் யூனோவில் 5 வோல்ட்டோடு இணைந்ததுதான். சிப்புக்குப் பக்கத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு பின் ஐசிஎஸ்பி ஹெடரிலும் இரண்டாம் பின் 5 வோல்ட். டிஎஸ்18பி20 போல ஒன்றரை மில்லிஆம்பியர் மட்டும் கேட்கும் உணரிக்கு, காலியாக இருக்கும் ஒரு டிஜிட்டல் பின்னை ஹை நிலையில் வைத்து அதிலிருந்தே மின்சாரம் கொடுத்துவிடலாம். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர்வரை தயக்கமின்றி எடுக்கலாம். மோட்டாரையோ ரிலேயையோ அதில் மாட்டிவிடாதீர்கள்.

பிரெட்போர்டில் ஒடிந்தால் வேலை இன்னும் சுலபம், ஆனால் பலருக்குத் தெரியாது. அடியில் இருக்கும் ஒட்டும் ஸ்பாஞ்சை ஓரத்திலிருந்து உரித்தால், ஐந்து ஐந்து துளைக்கு ஒரு உலோகக் கிளிப் வரிசையாகத் தெரியும். அந்தக் கிளிப்பை நோஸ் பிளையரால் பின்பக்கமாகவே உருவி எடுத்து, கம்பியைத் தட்டிவிட்டு, மறுபடி அழுத்தி உட்காரவைத்து, ஸ்பாஞ்சை ஒட்டிவிடலாம். முழு ஸ்பாஞ்சையும் உரித்தால் மற்ற கிளிப்களும் உதிரும், தேவையான இடத்தை மட்டும் உரியுங்கள். யூனோவின் ஹெடரில் இப்படிப் பின்னாலிருந்து தள்ள வழியில்லை, கவட்டையின் அடி மூடியிருக்கிறது. ஜம்பர் வயரின் ஃபீமேல் முனைக்குள் ஒடிந்திருந்தால், கறுப்புக் கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன நாக்கை ஊசியால் தூக்கினால் உள்ளிருக்கும் உலோகம் அப்படியே பின்னால் வந்துவிடும்.

கம்பி வெளியே வந்தபிறகு செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. ஒரு சதுரப் பின்னை முதலில் பக்கத்துத் துளையில் செருகி எடுத்துப் பாருங்கள், பிறகு ஒடிந்த துளையில். இறுக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும். தொளதொளவென்று இருந்தால் இலை நிரந்தரமாக விரிந்துவிட்டது. அந்தத் துளை இன்றைக்கு வேலை செய்யும், மல்டிமீட்டரும் பீப் அடிக்கும். ஆனால் ஈரக் காற்றும் ஃபேன் அதிர்வும் உள்ள ஸ்டோர் மாதிரி இடத்தில், தளர்ந்த தொடர்பு நுணுக்கமாக உரசி உரசி, மேல்பூச்சுத் தகரம் துருப்பொடியாகி, விட்டு விட்டு வேலை செய்யும். முழுசாகச் செத்துப்போகிற வயரைவிட இது மோசம். அந்தத் துளையின்மேல் ஒரு துளி நெயில்பாலிஷ் வைத்து, இனி இது இல்லை என்று அடையாளம் போட்டுவிடுங்கள்.

ஹெடரையே மாற்ற விரும்பினால், எட்டுப் பின்னையும் ஒரே நேரத்தில் சூடாக்கிப் பிடுங்க முயலாதீர்கள். போர்டின் செம்புத் தடங்கள் உரிந்து வந்துவிடும். பழைய ஹெடர் போனால் போகட்டும் என்று கட்டரால் பிளாஸ்டிக்கை முதலில் நொறுக்கி எடுத்துவிட வேண்டும். பின்கள் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றாக அடியில் சூடுவைத்து, மேலே ட்வீசரால் உருவி, துளையில் மிஞ்சிய ஈயத்தை உறிஞ்சியால் எடுத்தால் போர்டுக்குச் சேதம் இல்லை. புது ஹெடர் வைக்கும்போது 7-க்கும் 8-க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மற்ற எல்லாம் 2.54 மில்லிமீட்டர், அது மட்டும் 4.06. ஆரம்பகாலத்து வடிவமைப்பில் நேர்ந்த பிசகு, அதற்கேற்ப ஷீல்டுகள் வந்துவிட்டதால் மாற்றாமலே விட்டார்கள். அதனால் நீளமான ஒற்றை ஹெடரை வெட்டாமல் போட முடியாது. யூனோ ஆர்3-க்கு ஒரு பக்கம் பத்தும் எட்டும், மறுபக்கம் எட்டும் ஆறும் என்று நாலு துண்டாக வாங்குங்கள். ஈயம் வைக்குமுன் ஒரு ஷீல்டை மேலே செருகிவைத்துக்கொண்டால் நாலும் நேராக நிற்கும்.